ஏழாம் லைன் அசையாத பத்து நிமிடம்

இனோகாவின் கைக்கு வந்தது பாதிக் கடதாசிதான். ஏற்றுமதி வலயத்து வாசலில் அவித்த கடலை சுற்றிக் கொடுத்த கடதாசி, பிள்ளைகளுக்கான விஞ்ஞானப் பக்கம். டின்னில் கமரா செய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தது. டின்னின் உள்ளே கறுப்புப் பூசு. ஒரு பக்கத்தில் ஊசிமுனை அளவு துளை போடு. எதிர்ப்பக்கத்தில் வெளிச்சம் பட்டால் கறுக்கிற படத்தாளை ஒட்டு. துளைக்கு மேல் ஒரு துண்டுக் கறுப்பு டேப். டேப்பை எடுத்தால் எதிரில் இருப்பதை வெளிச்சமே உள்ளே போய் வரைந்துவிடும். எவ்வளவு நேரம் எடுத்து வைக்க வேண்டும் என்பது மட்டும் இல்லை. அந்தப் பாதியைக் கடலைக்காரன் வேறு யாருக்கோ கிழித்துக் கொடுத்திருந்தான்.

வேறு யாராவது என்றால் அதில் கையைத் துடைத்து எறிந்திருப்பார்கள். இனோகாவால் அந்த இல்லாத பாதியைப் பொறுக்க முடியவில்லை. வயது இருபத்தொன்பது, ஒன்பது வருஷமாகக் கட்டுநாயக்க வலயத்து ஃபேக்டரியில் சட்டைக்குக் கை தைக்கிறவள், ஒரு தையல் கோணினாலும் முழுவதையும் பிரித்து மறுபடி தைக்கிற பிடிவாதக்காரி. நீர்கொழும்பில் ஒரு ஸ்டூடியோக்காரர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டு, பழைய படத்தாள் பெட்டிகளையும் படம் கழுவுகிற மருந்துத் தூளையும் மூலையில் போட்டு வைத்திருந்தார். இடம் அடைக்கிறது, எடுத்துக்கொண்டு போ என்று நாலு பெட்டியையும் தூக்கிக் கொடுத்தார். வெசாக் பண்டிகை விளக்குக் கூட்டுக்குள் போடுகிற சிவப்பு பல்பு ஒன்றும் ஜன்னலை அடைக்க இரண்டு கறுப்புப் பாவாடையும் சேர, அவள் தங்கியிருந்த போர்டிங்கின் குளியலறை ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடையதாயிற்று.

வீட்டுக்கார நோனா கதவைத் தட்டினாள். “உள்ளுக்கு என்னடி காய்ச்சுற? கசிப்புச் சாராயமா?”

“படம் கழுவுறேன் நோனா.”

“ஊரே குளிக்கக் காத்துக்கிட்டு நிக்குது, இவ படத்தைக் கழுவுறாளாம். முதல்ல ஒன் மூஞ்சியைக் கழுவு.”

துளைக்குத்தான் பெரும்பாடு. ஆணியால் குத்தினால் படம் கஞ்சி மாதிரிக் கலங்கியது. கடைசியில் சோடா டின்னிலிருந்து நகத்தளவு தகடு வெட்டி ஃபேக்டரிக்குக் கொண்டுபோனாள். தன் மெஷினில் நூலை உருவிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெல்லத் திருப்பி, ஊசியின் நுனி மட்டும் தகட்டைத் தொட்டுத் துளைக்கும்படி செய்தாள். வலயத்தில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டு அத்தனையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். ஊசி போட்ட துளையைத் திருப்பிக் கேட்கிற சட்டம் இன்னும் வரவில்லை.

நேரத்தையும் அவளே கண்டுபிடித்தாள். முதல் பத்துத் தாளும் ஒன்று முழுக் கறுப்பு, அல்லது முழு வெள்ளை. பதினோராவதில் போர்டிங் கிணறு விழுந்தது. கப்பியும் கயிறும் கவிழ்த்த வாளியும் அப்படியே இருந்தன, வெளிச்சம் இருட்டாகவும் இருட்டு வெளிச்சமாகவும் மாறி. அதை இன்னொரு தாளின் மேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி டார்ச் அடித்தால் நேர்ப்படம். வெயிலில் ஒரு நிமிடம், பலா மர நிழலில் நாலு நிமிடம், கண்ணாடி மாதிரியான கூரைத் தகட்டு வழியாக வெளிச்சம் வருகிற அறைக்குள் பத்து நிமிடம். எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்தாள். கடலைக்காரன் கிழித்த பாதியை எழுதி முடிக்க அவளுக்கு நாலு மாதம் ஆனது.

அதுவரை அது விளையாட்டுத்தான். துலாஞ்சலியின் கை வெந்த பிறகு விளையாட்டாக இல்லை.

துலாஞ்சலி அவளுடைய அறைக்காரி. இருபத்தொரு வயது, வெல்லவாயப் பக்கத்துப் பெண். அவள் மேன்பவர். அதாவது ஒரு ஏஜென்ட் காலையில் வேனில் கொண்டுவந்து இறக்கி, மாலையில் ஏற்றிக்கொண்டு போகிற ஆள். இனோகாவும் அவளும் இருந்த ஏழாம் லைன் என்கிற தையல் வரிசையில் ஐம்பத்துநாலு பேர் வேலை செய்தார்கள். கம்பெனிப் பதிவில் நாற்பத்திரண்டு பேர். மிச்சப் பன்னிரண்டு பேருக்குக் கை உண்டு, கால் உண்டு, பெயர்தான் இல்லை. எட்டு மாதமாகக் காலருக்குள் துணி ஒட்டுகிற சூட்டு மெஷினில் நின்றவளின் வலது உள்ளங்கை மேல் ஒரு புதன்கிழமை அந்த மெஷினின் மேல்தட்டு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்தி இறக்கிவிட்டுப் போனார்கள். வீட்டில் கஞ்சி கொட்டியதாக அவர்கள் சொன்னதே ஆஸ்பத்திரி அட்டையில் ஏறியது. விரல்கள் உள்ளே சுருண்டுகொண்டன. ஒப்பரேஷன் செய்தால் விரியலாம் என்றார் டாக்டர். கம்பெனியைக் கேட்டால், அப்படி ஒருத்தி இங்கே வேலை செய்யவேயில்லை என்றது. ஏஜென்டைக் கேட்டால், அவளை அங்கே அனுப்பவேயில்லை என்றான். எட்டு மாதம் ஒரு பெண் எங்கே நின்று வெந்தாள் என்று சொல்ல ஆளில்லை.

அரசாங்கத்துத் தொழில் கந்தோரிலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்தாள், ரணசிங்க மிஸ் என்று. அவள் கேட்டுக்குள் நுழையும்போதே துலாஞ்சலிக்குப் பதிலாக வந்தவளோடு பன்னிரண்டு மேன்பவர் பெண்களையும் பின்படி வழியாகப் பெட்டிக் கிடங்குக்கு ஏற்றிவிட்டார்கள். கதிரைகளைக்கூட ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். அவள் எண்ணிப் பார்த்தாள், நாற்பத்திரண்டு சரியாக வந்தது.

இனோகாவும் துலாஞ்சலியும் கந்தோருக்கே போய் நின்றார்கள்.

“நான் நம்புறேன் நங்கி,” என்று தங்கை முறை வைத்துப் பேசினாள் ரணசிங்க மிஸ். “என் நம்பிக்கையை ஃபைல்ல வைக்க ஏலாது. மூணு கிழமையில விசாரணை. ஒரு துண்டு எழுத்து, ஒரு படம், என்னவாவது கொண்டு வாங்க.”

“ஃபோனை கேட்லயே வாங்கிப் பூட்டிருவாங்க மிஸ்,” என்றாள் துலாஞ்சலி.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இனோகா, “டின்னைப் பூட்டுறாங்களான்னு பாப்போம்,” என்றாள்.

முதல் தடவை டின் கேட்டைத் தாண்டவில்லை. காவலுக்கு நிற்கிற சோமாவதி அக்கா நல்ல மனுஷிதான், ஆனால் கடமை என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் தடவிப் பார்ப்பாள். பால்மா டின்னின் மூடியைக் கழற்றி வெயிலில் கவிழ்த்துப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லையே, வெறும் கடதாசிதானே?”

“இப்ப ஒண்ணுமில்லதான்,” என்றாள் இனோகா. வெளிச்சம் பட்ட தாள் அதற்குள் செத்துப் போயிருந்தது.

மறுநாள் டின்னைச் சுற்றி விகாரையில் ஓதித் தருகிற வெள்ளைப் பிரித் நூல் ஏழு சுற்று சுற்றிக் கொண்டுவந்தாள். “கதிர்காமத்துல மந்திரிச்ச யந்திரம் அக்கே. அசையாம ஒரு இடத்துல இருந்தாத்தான் பலிக்கும். திறந்தா பலன் போயிரும்.”

சோமாவதி அக்கா டின்னை இரண்டு கண்ணிலும் ஒற்றித் திருப்பிக் கொடுத்தாள். திறந்தால் பலன் போகும் என்பதில் பொய் ஒன்றும் இல்லையே.

ஏழாம் லைனின் தலைமாட்டில் தூண், தூணில் முதலுதவிப் பெட்டி. வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிற நாளில் மட்டும் அதற்குள் பஞ்சும் மருந்தும் வரும். அதன் மேல் டின்னை வைத்தாள். உச்சிவேளை, கூரைத் தகடுகள் வழியாக நல்ல வெளிச்சம். டேப்பை எடுத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் சட்டைக்கை தைத்துவிட்டு வந்து மறுபடி ஒட்டினாள். மேன்பவர் பெண்கள் படத்தில் விழுவார்களா என்ற சந்தேகம் அவளுக்கு வரவேயில்லை. காலை ஏழரையிலிருந்து ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் இருக்கிறோம், நாம் எங்கே அசைகிறோம் என்றுதான் நினைத்தாள். அந்த லைனில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சிவப்பு வெளிச்சத்தில் படம் மெல்ல எழும்பி வந்தது. மெஷின்கள் வந்தன. விசிறிகள் தொங்குகிற கம்பி வந்தது. இலக்கு எழுதுகிற பலகை வந்தது. சூட்டு மெஷின் வந்தது. ஆட்கள் வரவில்லை. கதிரைகளுக்கு மேல் புகை படிந்த மாதிரி ஏதோ இருந்தது, அவ்வளவுதான். ஒரு முகம் இல்லை, ஒரு கை இல்லை. வரிசையின் நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் தெளிவாக, சட்டைப் பையில் செருகிய பேனா வரைக்கும் தெரிய, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். சூப்பர்வைசர் பந்துல.

பக்கத்து மெஷின்காரி மங்கலிகா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இடுப்பு ஒடிய வேலை செஞ்ச அம்பத்துநாலு பேரும் காணோம். ஒரு வேலையும் செய்யாத ஒருத்தன் மட்டும் மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான். ஒன் டின்னும் கம்பெனி டின்தான் போல.”

துலாஞ்சலி சிரிக்கவில்லை. இடது கையால் படத்தைப் பிடித்து, தான் நின்ற மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அவங்க சொல்றது சரிதான் அக்கே. நான் அங்க இருக்கல்ல,” என்றாள்.

இனோகாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அந்தப் படம் கம்பெனிப் பதிவைப் பார்த்து எழுதின மாதிரி இருந்தது. எதனால் என்று விளங்கவும் நேரம் ஆகவில்லை. கையும் தலையும் தோளும் ஒரு விநாடி ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கிறவர்களை இந்தத் துளை பிடிக்காது. ஓய்ந்து நிற்கிறவனைத்தான் பிடிக்கும். வேலை செய்கிற வரைக்கும் நாம் படத்தில் இல்லை. அப்படியென்றால் வழி ஒன்றுதான்.

“நிப்பாட்டணும்,” என்றாள். “முழு லைனும். பத்து நிமிஷம் ஒருத்தரும் அசையாம இருக்கணும்.”

“ஒனக்குப் பைத்தியமா?” என்றாள் மங்கலிகா. “தண்ணி குடிக்கப் போனாலே அவன் கடிகாரத்தோட பின்னால வாறான். பத்து நிமிஷமா? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு.”

“பயம்னா நீ தைச்சுக்கிட்டே இரு. படத்துல விழ மாட்ட. யாரும் ஒன்னைக் கண்டுபிடிக்க ஏலாது.”

இனோகா கேலியாகச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். மங்கலிகா நெடுநேரம் அந்த ஆளில்லாத படத்தைப் பார்த்தாள். ஒன்பது வருஷம் உட்கார்ந்த தன் கதிரையின் மேல் இருந்த புகையை விரலால் துடைத்துக்கூடப் பார்த்தாள்.

“என் மூஞ்சி எந்தப் பக்கமாத் திரும்பியிருக்கணும்?” என்று கேட்டாள்.

நாலு நாளில் சேதி கழிவறை வரிசையிலும் சாப்பாட்டு அறையிலும் பாண் ரொட்டித் துண்டோடு துண்டாகக் கைமாறியது. வியாழக்கிழமை காலை ஏஜென்டின் வேன் வழக்கம்போல வந்தது. அவன் தலையை எண்ணுவானே தவிர முகத்தைப் பார்க்கிற வழக்கம் இல்லை. ஒரு பெண் காய்ச்சல் என்று நின்றுகொள்ள, அவள் இடத்தில் துலாஞ்சலி ஏறினாள். தலையில் தொப்பி, வாயில் துணி, கையைச் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டு அவள் கேட்டைத் தாண்டியதை யாரும் கவனிக்கவில்லை. இல்லாத ஆளை எப்படிக் கவனிப்பது?

பன்னிரண்டு பத்துக்கு இனோகா எழுந்துபோய்த் தூணருகே நின்றாள். காலையிலேயே முதலுதவிப் பெட்டி மேல் வைத்திருந்த டின்னின் டேப்பை எடுத்தாள். திரும்பி வந்து உட்கார்ந்து மெஷினை அணைத்தாள்.

மங்கலிகாவின் மெஷின் நின்றது. அதற்குப் பின்னால் காலர் தைக்கிறவள், பிறகு பட்டன்காரிகள், பிறகு பின்வரிசையில் மேன்பவர் பெண்கள். எட்டாம் லைனும் ஆறாம் லைனும் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருக்க, ஏழாம் லைன் மட்டும் ஓய்ந்தது. எல்லாரும் கையை மெஷின் மேல் வைத்துத் தூணைப் பார்த்தார்கள். துலாஞ்சலி சூட்டு மெஷினுக்கு முன்னால் போய் நின்றாள். தொப்பியையும் துணியையும் கழற்றினாள், கையில் போட்டிருந்த கட்டை அவிழ்த்தாள், வெந்த உள்ளங்கையைத் தூணுக்கு நேரே உயர்த்திப் பிடித்தாள். இனோகா மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். அறுநூறு வரை எண்ண வேண்டும்.

“கரன்ட் போச்சா?” என்று கேட்டுக்கொண்டே பந்துல வந்தான். விசிறி சுற்றுவதைப் பார்த்தான். “என்ன இது? தை, தை!”

யாரும் அசையவில்லை.

அவன் வரிசையின் இந்த முனைக்கு ஓடினான், அந்த முனைக்கு ஓடினான். மங்கலிகாவின் மெஷினை அவனே போட்டான். மெஷின் உறுமியது, அவள் கை அதன்மேல் கல் மாதிரி இருந்தது. “யாரடி இதுக்குத் தலைவி? சொல்லுங்க, அவளை மட்டும் அனுப்பிட்டு மத்தவங்களை விட்டுர்றேன். என்ன வேணும் ஒங்களுக்கு? விசிறியா? கக்கூஸா? வாயைத் திறந்து சொல்லுங்க.”

வாயைத் திறந்தால் வாய் படத்தில் விழாது. இருநூற்று நாற்பது, இருநூற்று நாற்பத்தொன்று. அதட்டிப் பார்த்தவன் கெஞ்சிப் பார்த்தான். திட்டுகிற வாய்க்குப் பதில் சொல்லாமல் இருப்பது வருஷக்கணக்காக அவர்களுக்குப் பழக்கம். ஆனால் இவ்வளவு நாளும் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் இருந்தார்கள், இன்றைக்குத் தலையை நிமிர்த்திக்கொண்டு பேசாமல் இருந்தார்கள். அந்த வித்தியாசம் பந்துலவுக்குப் புரிந்தது. அவன் குரல் உடைந்தது.

அப்போதுதான் துலாஞ்சலியைக் கண்டான். “நீ... நீ எப்படி உள்ளுக்கு வந்த? அன்னைக்கே ஒன்னை அனுப்பியாச்சே.”

துலாஞ்சலியின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. கை ஆடவில்லை. மருந்து காயாத தோலின் எரிச்சல் எப்படி இருக்கும் என்று இனோகாவுக்குத் தெரியும், தினமும் கட்டுப் போடுகிறவள் அவள்தான். நானூறு, நானூற்றொன்று. பெருமையாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபமாக இருந்தது. ஒரு பெண் தான் இருப்பதைக் காட்டுவதற்கு இப்படியா நிற்க வேண்டும்?

பந்துல மேலாளரை அழைத்துவர மாடிக்கு ஓடினான். அறுநூறு. இனோகா எழுந்து போய் டேப்பை ஒட்டினாள். துலாஞ்சலி கையைக் கீழே இறக்கினாள். மேலாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது ஏழாம் லைன் எப்போதும்போலத் தைத்துக்கொண்டிருந்தது.

“என்னதான் வேணும்னு கேளுங்க சேர், என்கிட்ட சொல்ல மாட்டேங்கிறாங்க,” என்றான் பந்துல.

“ஒண்ணும் வேணாம் சேர்,” என்றாள் மங்கலிகா தலையை நிமிர்த்தாமல். “வேலை இருக்கு.”

அவர்கள் ஏதாவது கேட்டிருந்தால் கம்பெனிக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

துலாஞ்சலியைக் காவலாளிகள் வெளியே கொண்டுபோய் விட்டார்கள். மாலையில் சோமாவதி அக்கா இனோகாவின் பையைத் தடவிப் பார்த்து, டின்னைத் தொட்டு, “யந்திரம் பலிச்சுதா நங்கி?” என்று விசாரித்தாள். “இனித்தான் தெரியும் அக்கே,” என்றாள் இனோகா.

பலித்திருந்தது. ஐம்பத்தொரு முகம். தும்மினவள் ஒருத்தியும் ஈ மொய்த்த இருவரும் மட்டும் கலங்கியிருந்தார்கள். சூட்டு மெஷினுக்கு முன்னால் துலாஞ்சலி, உயர்த்திய கை, சுருண்ட விரல்கள், கோடு கோடாக வெந்த தோல். பத்து நிமிடமும் அங்குமிங்கும் ஓடின பந்துலவின் நிழல்கூட அதில் இல்லை.

விசாரணைக்குக் கம்பெனி சார்பில் நிர்வாகப் பிரிவுத் திலான் சேர் வந்தார். கழுத்துப்பட்டி கட்டிய இளைஞர், நல்ல சிங்களத்தில் மெதுவாகப் பேசுகிறவர். இந்தப் பெண்ணுக்கு நேர்ந்தது வருத்தம்தான், ஆனால் இவர் எங்கள் இடத்தில் ஒருநாளும் வேலை செய்ததில்லை, ஏஜென்டோடு எங்களுக்குத் தொடர்பே இல்லை என்று ஒப்புவித்தார். ரணசிங்க மிஸ் படத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் அதைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“மிஸ், இது பெரிய குத்தம். எங்க ஃபேக்டரிக்குள்ள கமரா கொண்டு வாறது முழுத் தடை. இதை எடுத்தது யாருன்னு எனக்கு இப்பவே தெரியணும்.”

மிஸ்ஸின் பேனா நின்றது. “எங்க ஃபேக்டரின்னா சொன்னீங்க?”

திலான் சேர் படத்தை மறுபடி இழுத்துப் பார்த்தார்.

“மெஷின்... எங்கடது மாதிரி இருக்கு.”

“மெஷின் ஒங்கடது. லைன் ஒங்கடது. அதுக்கு முன்னால நிக்கிற கை மட்டும் யாருடது சேர்?”

மிஸ் ஃபைலைத் திறந்து, வேலை செய்த இடம் என்ற வரியில் கம்பெனியின் பெயரை முழுதாக எழுதினாள். கீழே கையெழுத்துப் போட துலாஞ்சலியிடம் பேனாவைக் கொடுத்தாள். துலாஞ்சலி இடது கையால், கோணலாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள். அவசரப்படவேயில்லை.

“நான்தான் எடுத்தேன்,” என்று எழுந்தாள் இனோகா.

“நீங்க அதைச் சொல்லணும்னு இல்ல நங்கி,” என்றாள் மிஸ் தாழ்ந்த குரலில்.

“சொல்லணும் மிஸ். பேர் இல்லாம இருந்தது போதும். இனோகா தமயந்தி, ஏழாம் லைன். எழுதிக்கோங்க.”

“நாளைக்கு நீ வேலைக்கு வர வேணாம்,” என்றார் திலான் சேர். “கமராவை இங்க வை.”

அவள் பையிலிருந்து பால்மா டின்னை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். பிரித் நூல் அழுக்கேறிச் சுற்றியிருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கண்ணாடி எங்கே, பொத்தான் எங்கே என்று தேடினார். மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் துழாவினார். கடைசியில் தகட்டில் இருந்த துளை கண்ணில் பட்டது. அவர் முகத்தில் முதல் தடவையாகப் பயம் தெரிந்தது.

“இது ஒண்ணுதானா? ஃபேக்டரிக்குள்ள இன்னும் இருக்கா?”

அவள் செய்தது அந்த ஒன்றுதான். அதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. துலாஞ்சலியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் போனாள்.

“வேலை போன ஆள்கிட்ட கேக்கிற கேள்வியா சேர் இது? போய்த் தேடுங்க. ஒவ்வொரு டின்னாத் தேடுங்க.”